ரேடியேட்டருக்குள் மஞ்சள்தூள்

லாரியின் முகப்புக்குக் கீழே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தேன். எதிரே செங்கல்லில் சாய்த்து வைத்த செல்போன். அதற்குள் என் வீட்டுக்காரர், சவுதியின் தம்மாமில், மடியில் தட்டை வைத்துக்கொண்டு மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

ரேடியேட்டரின் அடியில் இருக்கும் திருகைத் திறந்தால் தண்ணீர் குபுகுபுவென்று கொட்டும் என்று சொல்லியிருந்தார். அதை நம்பிச் சேலையை வரிந்து செருகி, கல்யாண வீட்டுக்குக் கொடுக்கிற பெரிய அலுமினிய அண்டாவைக் கீழே வைத்திருந்தேன். திருகு திறந்தது. தண்ணீர் கொட்டவில்லை. சொட்டுச் சொட்டாக, பிறகு நூல் போல, குழைந்த சேறு ஒன்று இறங்கியது. நல்ல மஞ்சள் நிறம்.

"என்ன மச்சான் இது, மஞ்சளா வருது?"

"துருவா இருக்கும் புள்ள."

"துரு செவப்பால்ல இருக்கும்?"

"எல்லாத் துருவும் ஒண்ணு போலயா இருக்கும்? சிலது இப்பிடியும் வரும்."

சொல்லிவிட்டுத் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார். இருபத்தைந்து வருஷம் குடும்பம் நடத்தியவளுக்கு அந்தக் குனிவு போதும். மனிதர் எதையோ மறைக்கிறார்.

இந்தத் தொடரை ஆரம்பிக்கும்போது பத்திரிகை ஆசிரியர் என்னிடம், "இடையிடையே சமையலையும் சேர்த்து எழுதுங்கள், பெண்கள் விரும்பிப் படிப்பார்கள்" என்றார். இந்த வாரம் அடுப்பு வருகிறது. அதில் வெந்தது லாரியின் பாகம். ஆசிரியர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டு நிமிஷம்

முதலில் எங்கள் போன் பேச்சைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது தெரியாவிட்டால் மற்றது விளங்காது.

அவர் சவுதிக்குப் போய் அப்போது பத்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அங்கே பெரிய லாரி ஓட்டுகிறார். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை நாற்பது நாள் லீவு. மிச்ச நாளெல்லாம் போன். மூன்று மணி வாக்கில் அழைப்பார். திண்டுக்கல் பேகம்பூரில் எங்கள் தெருப் பள்ளிவாசலில் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்வதற்குக் கொஞ்சம் முந்தி. அவருக்கு அது லுஹர் தொழுதுவிட்டுச் சாப்பிட உட்காரும் நேரம்.

"சாப்டியா?"

"சாப்டேன். நீங்க?"

"சாப்புடுறேன். என்ன வெஞ்சனம்?"

"கத்திரிக்கா."

"மழ உண்டா?"

"எங்க பேயுது."

"சரி, வச்சுறவா?"

இவ்வளவுதான். தினமும் இதுதான். கத்திரிக்காய் இருக்கிற இடத்தில் சில நாள் முருங்கைக்காய் வரும்.

சண்டை ஒன்றும் இல்லை. மகள் வீட்டில் இருந்தவரை அவளைப் பற்றிப் பேச ஏதாவது இருந்தது. அவளை வத்தலக்குண்டில் கட்டிக்கொடுத்த பிறகு அதுவும் நின்றது. போனை வைத்ததும் சொல்ல மறந்தவை எல்லாம் வரிசையாக ஞாபகம் வரும். மறுநாள் போன் அடித்ததும், இதையெல்லாமா வெளிநாட்டில் இருக்கிறவரிடம் சொல்வது என்று தோன்றிவிடும்.

எனக்கு அவர் பக்கத்தில் வேண்டும் போலிருந்தது. அதுதான் விஷயம். மகளைக் கட்டிக்கொடுத்துச் சம்பந்தி ஆகிவிட்ட ஒரு பெண்பிள்ளை, "மச்சான், உங்களப் பாக்கணும் போல இருக்கு" என்று எந்த வாயால் சொல்வது? வெட்கமாக இருந்தது. அதனால் கத்திரிக்காய் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

மயில்சாமி கொண்டுவந்த ஆவி

லாரி என்று நான் சொல்வது ஒரு மினி லாரியை. ஊரோடு வந்த பிறகு தானே ஓட்டுவதற்காக அவர் வாங்கிப் போட்டது. அதுவரை சும்மா நிற்கக் கூடாதென்று மயில்சாமி என்பவர் ஓட்டிக்கொண்டிருந்தார். ஆயக்குடிக்காரர். சீசனில் அங்கிருந்து கொய்யா ஏற்றி வருவார். திரும்பிப் போகும்போது திண்டுக்கல் வெங்காயப் பேட்டையிலிருந்து சின்ன வெங்காயம் ஏற்றிப் போவார்.

ஒரு வியாழக்கிழமை உச்சி வெயிலில் வண்டி வந்து நின்றது. முன்பக்கமெல்லாம் ஆவி. மயில்சாமி இறங்கி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஏனுங்க்கா, ஒட்டன்சத்திரத்துல இருந்து வர்றதுக்குள்ள மூணு வாட்டி கொதிச்சுப் போச்சுங்க. எடுத்துட்டு வந்ததே பெரும்பாடுங்க."

"என்னவாம் அதுக்கு?"

"மெக்கானிக்குகிட்ட உட்டா அர நாள் வேலைங்க. அடுத்த வெள்ளிக்கெழம கொய்யா லோடு இருக்குதுங்க. தோட்டத்துக்காரருக்கு வாக்குக் குடுத்துட்டனுங்க. அதுக்குள்ள வண்டி ஆகலீன்னா நான் வேற வண்டி பாத்துக்கோணுமுங்க."

அவரைக் குறை சொல்ல முடியாது. அவர் நல்ல டிரைவர், போய்விட்டால் அப்படி இன்னொருவர் கிடைப்பது கஷ்டம். மெக்கானிக்கைக் கூட்டிவரத்தான் நினைத்தேன். அன்றைக்கு மூன்று மணிக்குப் போன் வந்தபோது, கத்திரிக்காய்க்கு முன்னால், "வண்டி கொதிக்குதாம்" என்று சொல்லிவைத்தேன்.

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். எத்தனை கிலோமீட்டரில் கொதித்தது, ஏற்றத்திலா சமதரையிலா, ஆவி எந்தப் பக்கம் வந்தது, புகை வெள்ளையா கறுப்பா. நான் வீட்டிலிருந்த இன்னொரு போனில் மயில்சாமியிடம் கேட்டுக் கேட்டுச் சொன்னேன். போனை வைத்துவிட்டுப் பார்த்தால் நாற்பது நிமிஷம் ஆகியிருந்தது.

"மெக்கானிக்கக் கூப்புடாத," என்றார் கடைசியில். "அவன் வந்ததும் இஞ்சின் ஹெட்டக் கழட்டணும்பான். நாளைக்கு எனக்கு லீவு. நீ வண்டிகிட்டப் போய் நில்லு. நான் சொல்லச் சொல்லச் செய்யி."

அதுவரை நான் அந்த வண்டியின் கதவைக் கூட ஒழுங்காகச் சாத்தியதில்லை.

வெங்காயச் சருகு

வெள்ளிக்கிழமை பானெட்டைத் திறந்தோம். திறந்தோம் என்றுதான் எழுத வருகிறது. திறந்தது நான்தான், அவர் அங்கிருந்து பதறினார்.

"சூடா இருக்கும்போது ரேடியேட்டர் மூடியத் தொடவே கூடாது, கேட்டியா? மூஞ்சி வெந்து போகும். வண்டி ராத்திரியெல்லாம் நின்னுச்சுல்ல? அப்பத் தொறக்கலாம். துணிய வச்சுத் திருப்பு. மெதுவா. மெதுவாங்குறேன்ல!"

ரேடியேட்டரின் முன்பக்கம் சல்லடை போல மெல்லிய தகடுகள். அதன் வழியாகக் காற்று போனால்தான் உள்ளே இருக்கும் தண்ணீர் ஆறும். அதில் அடை அடையாகச் சின்ன வெங்காயச் சருகு ஒட்டியிருந்தது. பேட்டையில் லோடு ஏற்றும்போது இஞ்சினை அணைக்காமல் நிறுத்துவார்கள். தரையில் கிடக்கும் சருகையெல்லாம் ஃபேன் உறிஞ்சி இழுத்துக்கொள்ளுமாம். வேறு ஊர் வண்டிக்கு இந்த வியாதி வருமா என்று தெரியவில்லை.

பழைய பல் பிரஷ்ஷையும் ஒரு வாளித் தண்ணீரையும் வைத்துக்கொண்டு மேலிருந்து கீழாகத் தேய்த்தேன். தேய்க்கும்போது அவர் வண்டியைப் பார்க்கவில்லை.

"பின்னால அது நம்ம முருங்க மரமா? இம்புட்டு வளந்துருச்சா?"

"ஆமா."

"போனச் செத்த எடது பக்கம் திருப்பு. மலக்கோட்ட தெரியுதான்னு பாப்போம்."

திருப்பினேன். தண்ணீர்த் தொட்டியும் கேபிள் வயரும் தாண்டி மலையின் ஒரு மூலை தெரிந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் போனைத் திருப்பவில்லை. கை கடுத்தது, ஆனாலும் பிடித்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை ஓஸ், அதாவது ரப்பர் குழாய். வண்டியை நியூட்ரலில் வைத்து ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். சூடு காட்டும் முள் மேலே ஏறியதும், இஞ்சினிலிருந்து ரேடியேட்டருக்குப் போகும் மேல் ஓஸைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார்.

"எப்பிடி இருக்கு? கை வைக்க முடியாமச் சுடுதா?"

"இல்லையே. பச்சப்புள்ளைக்கு ஊத்துற வெந்நி போலத்தான் இருக்கு."

"இஞ்சின் இம்புட்டுக் கொதிக்குது, ஓஸு மட்டும்..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். "சரி, அணச்சுரு. நாளைக்குத் தண்ணிய எறக்கிப் பாப்போம்."

ஞாயிற்றுக்கிழமை இறக்கியபோதுதான் அந்த மஞ்சள் சேறு வந்தது.

சோப்பு பட்டதும்

துரு என்று அவர் சொன்னதைக் கேட்டுக்கொண்டு கையைக் கழுவப் போனேன். குழாயடியில் துணி துவைக்கிற சோப்பு கிடந்தது. அதை எடுத்துத் தேய்த்ததும் விரலெல்லாம் ரத்தச் சிவப்பாக மாறிவிட்டது.

சமைக்கிற பெண் யாருக்கும் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. மஞ்சள் கறை பட்ட சேலையில் சோப்பைப் போட்டுவிட்டு, சிவந்துபோனதைப் பார்த்து எத்தனை முறை தலையில் அடித்துக்கொண்டிருப்போம்.

கையைத் துடைக்காமல் போனுக்கு முன்னால் நீட்டினேன்.

"மச்சான், இது துருவு இல்ல. மஞ்சத்தூளு."

அவர் தட்டைக் கீழே வைத்தார்.

லாரிக்காரர்களிடம் ஒரு கைவைத்தியம் உண்டு. வழியில் ரேடியேட்டர் ஒழுகினால் மஞ்சள்தூளை ஒரு கை அள்ளி உள்ளே போட்டுவிடுவார்கள். அது தண்ணீரோடு சுற்றிவந்து ஓட்டை இருக்கிற இடத்தில் போய் அடைத்துக்கொள்ளும். ஒழுகல் நிற்கும். வீடு வந்து சேர்ந்ததும் எல்லாவற்றையும் கழுவிவிட்டு ஓட்டையை ஈயம் வைத்துப் பத்தவைத்துவிட வேண்டும். கழுவாமல் விட்டால் அது ஓட்டையோடு நிற்காது, போகிற வழியையெல்லாம் அடைக்கும்.

"யாரு போட்டா? மயில்சாமியா?"

"அவன் போடல."

"பெறகு?"

"நான்தான். போன லீவுல. கடைசி நாளு."

பத்து மாதத்துக்கு முன்னால். பெட்டி கட்டிக்கொண்டிருந்த நாள். நான் உள்ளே ஊறுகாய்ப் பாட்டிலைத் துணியில் சுற்றிக்கொண்டிருக்கிறேன், இவர் என் அடுக்களையிலிருந்து தூளை எடுத்துக்கொண்டு வெளியே போயிருக்கிறார்.

"ஒழுகுதுன்னு எங்கிட்டச் சொல்றதுக்கு என்ன? கழட்டி வேல பாத்துட்டு ஒரு வாரம் கழிச்சுப் போயிருக்கலாம்ல?"

"அதுக்குத்தான் சொல்லல."

"எதுக்குத்தான்?"

"ஒழுகுதுன்னா நீ, ஒரு வாரம் இருங்கம்ப. நீ சொன்னா நான் இருந்துருவேன், ரஹ்மத்து. லீவு தாண்டிப் போனா வேல இருக்காது."

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஒரு வாரம். ஏழு பகல், ஏழு இரவு. அதை ஒரு கைப்பிடித் தூளைப் போட்டு அடைத்துவிட்டுப் போயிருக்கிறார். போனை அணைத்துவிட்டேன்.

திங்கட்கிழமை மூன்று மணிக்குப் போன் அடித்தது. எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. அடுக்களையில் உட்கார்ந்து அது அடித்து முடிகிறவரை கேட்டுக்கொண்டிருந்தேன். கோபத்தில் எடுக்காமல் இருந்தேன் என்று சொன்னால் பாதிதான் உண்மை. எடுத்தால் அழுதுவிடுவேன் என்று பயமாக இருந்தது.

என்ன ஆணம்?

செவ்வாய்க்கிழமை காலையில் மயில்சாமி வாசலில் வந்து நின்றார்.

"ஏனுங்க்கா, முடிஞ்சுதுங்களா? இன்னும் மூணு நாள்தானுங்க இருக்குது."

ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தோம். மஞ்சள் கழுவிப்போனதால் பழைய ஓட்டை திறந்துகொண்டு அடியில் ஒழுகியது. அன்றைக்கு மூன்று மணிக்கு முன்னால் நானே அவருக்குப் போன் போட்டேன். அவர் முதல் மணியிலேயே எடுத்தார்.

"அடியில ஒழுகுது. என்ன செய்யணும்?" என்றேன். 

"ஒழுகட்டும். கழட்டிரலாம்," என்றார். குரலில் அவ்வளவு நிம்மதி.

நாலு போல்ட், இரண்டு கிளிப். அவர் சொல்லச் சொல்ல நான் மயில்சாமியிடம் சொன்னேன், மயில்சாமி கழற்றினார். தோட்டத்து ஓஸைக் கீழ்வாயில் சொருகித் தண்ணீரைத் தலைகீழாக விட்டோம். மேல்வாய் வழியாக மஞ்சள் கட்டிகளும் உப்புப் பொருக்கும் வந்தபடியே இருந்தன. தண்ணீர் தெளிந்த பிறகு மயில்சாமி அதைத் தன் பைக்கில் கட்டிக்கொண்டு போய்ப் பத்தவைத்து வாங்கி வந்தார்.

புதன்கிழமை வால்வு. இஞ்சினுக்கும் மேல் ஓஸுக்கும் நடுவில் உள்ளங்கை அளவில் ஒரு பித்தளைச் சாமான். இஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மூடியிருக்கும். சூடேறியதும் வாயைத் திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு அனுப்பும். பாதி டிரைவர்கள் இதைத் தொந்தரவு என்று கழற்றி எறிந்துவிடுவார்களாம். அவருக்கு அது ஆகாது.

"பழைய பாத்திரத்துல தண்ணி வச்சு இதப் போட்டுக் கொதிக்க விடு. வாயத் தொறக்குதான்னு பாப்போம்."

அடுப்பில் வைத்தேன். போனை மிளகாய்த்தூள் டப்பா மேல் நிறுத்தினேன். அவர் அங்கிருந்து பாத்திரத்தை எட்டிப் பார்த்தார், நான் இங்கிருந்து எட்டிப் பார்த்தேன். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு ஜைத்தூன் குப்பி (எங்கள் வழக்கில் குப்பி என்றால் அத்தை) உள்ளே வந்துவிட்டார்.

"என்னடி ஆணம் காச்சுற? வாசமே இல்ல." எட்டிப் பார்த்தார். "யா அல்லா! என்னத்தடி போட்ருக்க?"

"லாரி வால்வு குப்பி."

"சவுதில இருக்கவனுக்குப் பைத்தியம் புடிச்சா சவுதியோட இருக்கட்டும். இங்க இருக்க ஒனக்குமா?"

போனுக்குள்ளிருந்து, "அஸ்ஸலாமு அலைக்கும் குப்பி" என்று சத்தம் வந்ததும் முக்காட்டை இழுத்துக்கொண்டு ஓடினார். நாங்கள் இருவரும் சிரித்த சிரிப்பில் தண்ணீர் பாதி வற்றிவிட்டது. அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது.

வால்வு வாயைத் திறக்கவில்லை. மஞ்சள் போய் இறுகிக்கிடந்தது. கடைவீதியில் புதியது வாங்கி வந்து அதே பாத்திரத்தில் போட்டோம். தண்ணீர் கொதிக்கும் முன்பே அழகாகத் திறந்துகொண்டது.

"சனிக்கெழமையே நெனச்சேன், வால்வாத்தான் இருக்கும்னு," என்றார் சந்தோஷத்தில்.

"சனிக்கெழமையேவா?"

அவர் துண்டைத் தேடினார்.

"ஓஸு சுடலன்னு சொன்னேனே, அப்பவே தெரியுமா ஒங்களுக்கு? பெறகு ஏன் இத்தன நாளு?"

அடுப்பை அணைத்தேன். அவர் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

"அன்னைக்கே சொல்லியிருந்தா அன்னைக்கே முடிஞ்சிருக்கும்ல, ரஹ்மத்து."

 அரை நாள் வேலை என்று மயில்சாமி சொன்னது எனக்கும் முதல் நாளிலிருந்தே தெரியும். ஒரு மெக்கானிக் எங்கள் தெருமுனையிலேயே இருக்கிறார்.

முள் அசையவில்லை

வியாழக்கிழமை எல்லாவற்றையும் பூட்டினோம். உப்புத் தண்ணீர் ஊற்றக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். நாள்கணக்கில் காத்திருந்து பிடித்து வைத்த ஆத்தூர் அணைக் குடிதண்ணீரைக் குடம் சாய்த்து ஊற்றி, பச்சை நிறக் கூலண்ட்டையும் கலந்தேன். ஜைத்தூன் குப்பி மதில் மேலிருந்து பார்த்துவிட்டு, "குடிக்கிற தண்ணியப் போயி!" என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

இஞ்சினை ஓடவிட்டு, முள்ளைப் பார்த்துக்கொண்டு ஸ்டீரிங்குக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். போனை அதன் எதிரே பிடித்திருந்தேன். முள் நடுவில் வந்து நின்றது. பத்து நிமிஷம். இருபது நிமிஷம். அசையவில்லை.

"நின்னுருச்சு," என்றேன்.

"நின்னுருச்சு," என்றார்.

"காலைல மயில்சாமி எடுத்துட்டுப் போயிருவாரு."

"ம்."

வேலை முடிந்தால் சந்தோஷப்பட வேண்டும். இரண்டு பேரும் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். நாளைக்கு மூன்று மணிக்கு என்ன பேசுவது என்பதுதான் எனக்கு ஓடிக்கொண்டிருந்தது. அவருக்கும் அதுதான் என்று இப்போது நினைக்கிறேன். அஸர் பாங்கு சொன்னார்கள். போனை வைத்தோம்.

வெள்ளிக்கிழமை விடியும்போது மயில்சாமி வண்டியை எடுத்துப் போனார். கொய்யா ஏற்றிக்கொண்டு பத்து மணிக்குப் போன் போட்டார். "ஒட்டன்சத்திரம் தாண்டிட்டனுங்க்கா. முள்ளு அசையவே இல்லீங்க. பாயிகிட்டயும் சொல்லிட்டனுங்க." லோடை இறக்கிவிட்டு வெங்காயப் பேட்டைக்குப் போவதாகச் சொன்னார்.

ஜும்ஆ நாள் என்று நெய்ச்சோறு ஆக்கினேன். தட்டில் போட்டதை அப்படியே மூடி வைத்தேன். மூன்று மணி நெருங்க நெருங்க மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். சாப்டேன். நெய்ச்சோறு. மழை இல்லை.

போன் அடித்தது. எடுத்தேன். அவர் ஜும்ஆவுக்குப் போட்ட வெள்ளைச் சட்டையோடு உட்கார்ந்திருந்தார். சாப்டியா என்று கேட்கவில்லை.

"ரஹ்மத்து, ஒண்ண மறந்துட்டமே. ஃபேன் பெல்ட்டப் பாக்கவே இல்லையே நாம."

முக்காட்டைச் சரிசெய்துகொண்டேன். பிறகு எழுந்து வாசலுக்கு வந்தேன். வண்டி நின்ற இடம் வெறிச்சென்று கிடந்தது. அந்த இடத்துக்கு நேராகப் போனைப் பிடித்தேன்.

"தெரியுதா மச்சான்?"

அவர் அந்த வெறும் தரையை வெகுநேரம் பார்த்தார்.

"செத்த கிட்டக்க வா."

போனைத் தரைக்குக் கிட்டே கொண்டுபோனேன்.

"அதில்ல. நீ வா."

போனைத் திருப்பினேன். அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நானும் வெட்கத்தை விட்டுவிட்டுப் பார்த்தேன்.

"பெல்ட்டு லூசாத்தான் இருக்கு," என்றார். "நாளைக்கும் பாக்கணும்."

"பாப்போம்," என்றேன்.